குடை விரித்தால் மறக்கும் மெஷின்

ஓய்வுபெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளில் முதல் வரியிலேயே நரை வந்துவிடும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். நான் கேட்டு வாங்கியதல்ல. இருந்தாலும் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் இத்தனை வருடம் கூட்டிக் கழித்தவள் என்ற முறையில் அந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

போன மாதம் கமலா வந்திருந்தாள். எங்கள் லயத்துப் பிள்ளைதான், அதே தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். தலவாக்கலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறாள். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க முதலாளிக்கு ஆசை வந்திருக்கிறது. கொழும்பிலிருந்து விற்பனைக்காரர்கள் வந்து பளபளப்பான தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றை என் முன்னால் விரித்து வைத்தாள்.

“எத வாங்கச் சொல்லட்டும் அக்கா? நீங்கதான் தோட்டத்துக்கே மெசினு தெரிவு செஞ்சவங்களாச்சே.”

தெரிவு செய்தவள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. மெஷினை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதை யோசிக்கவில்லை என்றாள். மாவு மூட்டைக்குப் பக்கத்திலா, முதலாளியின் மேசையிலா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், உங்கள் கடையில் அதைத் தொடப்போவது யார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். நான் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைத்துவிட்டாள். முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு ஒரு பெயர் தேவை. என்னிடம் இருந்ததோ ஒரு கதை. அன்று முழுவதையும் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா சவரிமுத்து, புல்லுக்கு மருந்து அடிக்கும் கூட்டத்தில் மருந்து கலக்குபவர். இருவரும் கைநாட்டு. நான் வட்டகொடையில் படித்துக் கணிதத்தில் விசேட சித்தி வாங்கினேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. அலுவலகத்துக்கு எங்கள் ஆட்களில் ஒருவர் வேண்டும் என்று தொழிற்சங்கம் சத்தம் போட்டதில் என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். நிரந்தரமாக்கக் குடியுரிமைக் கடதாசி வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்தில் அந்தக் கடதாசி யாரிடமும் இல்லை. தற்காலிகம் என்ற சொல் கடைசி நாள் வரைக்கும் என் பெயருக்குப் பின்னால் வந்தது.

அலுவலகத்தை நடத்தியவர் பெரிய கிளாக்கர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். பிறகு மேசை மீதிருந்த கூட்டல் மெஷினின் துணியை நான்காக மடித்து இழுப்பறையில் வைப்பார். வெள்ளைக்காரர் காலத்து மெஷின் அது. கறுப்பு இரும்பு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. வரிசையாக உள்ள நெம்புகோல்களை எண்ணுக்கு எண் தள்ளிவைத்துக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். பெருக்குவதற்குத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். வகுப்பதுதான் அழகு. கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டிங் என்று மணி அடிக்கும். அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று அர்த்தம். உடனே ஒரு சுற்று திரும்பி வர வேண்டும். அளவு மீறினால் சொல்லிவிடுகிற மெஷினை அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

ஐயா எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. தூசி தட்டுவதற்கு மட்டும் தொடலாம். தூசி தட்டியபடியே கற்றுக்கொண்டேன். அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் மாதக் கணக்கை நான் முடித்து வைத்திருந்தேன். திரும்பி வந்து இரண்டு தரம் சரிபார்த்தார். பிழை இல்லை. பாராட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து எண்களை அவர் கூப்பிட, நான் சுற்றினேன்.

அவருடைய முறை ஒன்றுதான். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். இரண்டு விடையும் ஒத்துப்போகும்வரை யாரும் தேநீருக்கு எழும்ப முடியாது. மருந்துக் கணக்கும் அப்படித்தான். நாளைக்கு எந்த மலைக்கு எத்தனை பீப்பாய் தண்ணீர், பீப்பாய்க்கு எவ்வளவு மருந்து என்பதை முதல் நாள் பின்னேரமே அலுவலகத்தில் கூப்பிட்டு, சுற்றி, ஒத்துப்பார்த்து, துண்டில் எழுதிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவோம். மலையில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைக்கு அதை வாசிப்பது மட்டுமே வேலை.

யாராவது மெஷினைக் குறை சொன்னால் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“மெசின் பிழை விடாது, பிள்ளை. மெசினிலை கை வைக்கிற ஆள்தான் பிழை விடும்.”

இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

இறக்குமதிக் கதவு திறந்ததும் கரண்டில் ஓடும் மெஷின் வந்தது. அழுத்திய எண்ணையெல்லாம் கடதாசிச் சுருளில் அடித்துத் தரும். கைப்பிடி மெஷின் துணிக்குள் போய் மூலையில் உட்கார்ந்தது. புது மெஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர்களைப் போட்ட உடனே அலுவலக விளக்கு மங்கும். மெஷின் கையிலிருந்த தொகையைக் கைவிட்டுவிடும். எந்த நேரத்தில் அப்படி ஆகிறது என்று சில நாட்கள் கவனித்து ஐயாவிடம் சொன்னேன். மறுநாளே கூட்டல் வேலையின் நேரத்தை மாற்றினார், யார் சொன்னது என்று சொல்லாமல். எனக்கு அது போதுமாக இருந்தது. மெஷினை வாங்கினால் போதாது, அது எந்தக் காற்றையும் எந்தக் கரண்டையும் குடித்து வாழப்போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கையடக்க மெஷின்கள் வந்தன. ஏக்கர் ஹெக்டயராகவும் கலன் லீட்டராகவும் மாறிக்கொண்டிருந்த குழப்பத்தில் மலையில் நிற்கும் ஒவ்வொரு கணக்கப்பிள்ளைக்கும் ஒரு மெஷின் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. மூன்று மாதிரிகள் வந்தன. ஐயாவுக்கு அவை விளையாட்டுச் சாமான்கள். “பிள்ளை, இதுகளைப் பார்த்து எது நல்லதெண்டு சொல்லும்” என்று என் மேசையில் தள்ளிவிட்டார்.

நான் மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. மேசையில் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனி மாத மழையில் ஏழாம் நம்பர் மலைக்கு எடுத்துப்போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் இருட்டில் பார்த்தேன். ஈரக் கையால் அழுத்தினேன். மருந்து கலக்கும் ஓடைக்கரையில், மூடுபனி வந்து ஆளை ஆள் தெரியாமல் போன நேரத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். அப்பாவின் கூட்டத்தார் அதைப் பார்த்து, சவரிமுத்து மகள் மழையில் நின்று ஜெபமாலை உருட்டுகிறாள் என்று சிரித்தார்கள்.

ஒன்றில் எண்கள் சிவப்பாக எரியும். இருட்டுக்கு நல்லது, ஆனால் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். நல்ல பேட்டரி வேண்டுமென்றால் ஹட்டனுக்குப் போக வேண்டும். இரண்டாவது தடித்தது, சவர்க்காரக் கட்டி மாதிரி. அழகே கிடையாது. எண்கள் சாம்பல் நிறம், சாவிகள் பெரியவை, ஒரு தரம் பேட்டரி போட்டால் நெடுநாள் கிடக்கும். மூன்றாவது பிஸ்கட் போல மெல்லியது, தோல் உறைக்குள் இருந்தது. பேட்டரியே இல்லை. வெளிச்சத்தில் ஓடும்.

அந்த மூன்றாவதைத்தான் அதிக நேரம் சோதித்தேன். வெயிலில் குறை சொல்ல முடியாது. மூடுபனியில் எண்கள் மெலிந்தன. தூறல் விழுந்ததும் நனையாமல் இருக்கக் குடையை விரித்தேன். எண்கள் போய்விட்டன. குடையை விலக்கியதும் பூச்சியம் வந்து நின்றது. அதற்கு முன் கூட்டிச் சேமித்து வைத்த தொகை அடியோடு அழிந்திருந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். நனையாமல் காப்பாற்றினால் மறந்துவிடும். மறக்காமல் வைத்தால் நனைந்துவிடும். எங்கள் மலையில் வருடத்தில் பாதி நாள் குடைக்குக் கீழேதான் கழிகிறது.

இரண்டாவதை வாங்கலாம் என்று ஐயாவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

அந்த வாரக் கூட்டத்தில் ஐயா அதைச் சொன்னார், வழக்கம்போல் யார் சோதித்தது என்று சொல்லாமல். உதவி நிருவாகியைத் தோட்டத்தில் சின்னத் துரை என்பார்கள். வெள்ளைக்காரர் போனாலும் துரை போகவில்லை. கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர். அவருக்கு மூன்றாவது பிடித்திருந்தது. பேட்டரிச் செலவில்லை, சட்டைப் பையில் நிற்கும், பார்ப்பதற்கும் நவீனம். தடித்த மெஷினைக் கையில் தூக்கிப் பார்த்து, இதை வைத்துச் சுவரா கட்டுவது என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினேன். அந்தக் கூட்டத்தில் அதுவரை பெண்குரல் கேட்டதில்லை.

மூடுபனியில் அது மறந்துவிடும் என்றேன்.

“ஏன் ரீட்டா, சூரியன் கொழும்புக்கு மட்டும்தானா வரும்?” என்றார் தமிழில்.

“வரும் சார். ஆனி ஆடியில ஏழாம் நம்பர் மலைக்கு வர்றதில்ல.”

வெயில் வரும்வரை கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மறுபடியும் சிரிப்பு. இனி மருந்துக் கணக்கையும் மலையிலேயே பார்க்கலாம், அலுவலகத்தில் இருவர் உட்கார்ந்து கூவ வேண்டியதில்லை என்று இன்னொரு முடிவையும் அதே மூச்சில் எடுத்தார்.

வெளியே வந்தபோது ஐயா தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீர் சொன்னது சரி, பிள்ளை. ஆனா சரியெண்டதுக்காக ஆரும் சாமான் வாங்கமாட்டினம்.”

மெஷின்களைக் கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது படம் பிடித்தார்கள். எல்லோருடைய சட்டைப் பையிலும் தோல் உறை எட்டிப் பார்த்தது. மழைக்காலம் வந்ததும் வேடிக்கை தொடங்கியது. மடுவத்தில் ஒருவர் மெஷின் மீது டோர்ச் லைட் அடிக்க, மற்றவர் அழுத்தினார். ஏழாம் நம்பர் மலைக் கணக்கப்பிள்ளை ராமையா மெஷினை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கிக் காட்டுவார். கொழுந்துப் பெண்கள் விடுவார்களா?

“என்னங்கய்யா, புள்ளைக்கு நெலா காட்டுறீங்களா?”

“நெலா இல்லடி, கணக்குக்கு வெயில் காட்டுறாரு. காஞ்சாத்தான் வருமாம்.”

ராமையாவுக்குக் கோபம் வரும். ஆனால் மெஷினை வேண்டாம் என்று சொல்லமாட்டார். அது உத்தியோகத்தின் அடையாளமாகிவிட்டிருந்தது. என்னிடம் மட்டும், “ஒன் மெசினுக்குக் கொட புடிக்க ஒரு ஆளையும் சேத்துப் போடச் சொல்லும்மா” என்றார். என் மெஷின் அல்ல என்றேன்.

இனி அந்த நாள்.

ஏழாம் நம்பர் மலையில் புதிதாக நட்ட இளந்தேயிலை. இடையில் முளைத்த புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டும். மலை நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பீப்பாய் தண்ணீர் வேண்டும் என்று பார்த்துக் கூட்டி, அன்றைக்கு வந்த மருந்தை அந்தக் கூட்டுத்தொகையால் பிரித்தால் ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு என்று வரும். கடினமான கணக்கல்ல. ராமையா முதல் இரண்டு துண்டையும் கூட்டி மெஷினில் சேமித்தபோது தூறல் போட்டது. மெஷின் நனையக் கூடாதென்று குடையை விரித்தார். பிறகு, வெளிச்சம் போதவில்லை என்று குடையைச் சாய்த்துக்கொண்டு, மிச்ச இரண்டு துண்டையும் கூட்டினார். மெஷின் முதல் இரண்டையும் மறந்துவிட்டதை அவர் அறியவில்லை. பாதி மலைக்குரிய பீப்பாயால் முழு மலையின் மருந்தையும் வகுத்தார். வந்த விடையை அப்பாவிடம் சொன்னார். அப்பா அளவுக் கோப்பையில் அளந்து ஊற்றினார்.

நண்பகலில் கேனில் மருந்து தீர்ந்துபோனது. பாதி மலை மிச்சம் கிடந்தது. அடித்த பாதியில் இளந்தேயிலை சில நாட்களில் தீய்ந்து செம்பழுப்பானது. மருந்து டாங்கி சுமந்தவர்களின் முதுகில் தோல் வெந்தது. அப்பாவும் அன்று ஒரு டாங்கி சுமந்திருந்தார். ஒழுகும் டாங்கி. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உரிந்துவிட்டது. சட்டை போட முடியாமல் குப்புறப் படுத்திருந்தவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ராமையா எப்போது குடையை விரித்தார், அப்போது எந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் என்ன அளவு சொன்னார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர ஞாபகம் உண்டு. அவர் சொன்ன அளவை நான் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நான்காம் துண்டுகளின் பீப்பாயால் மட்டும் வகுத்தால் அச்சொட்டாக அதே விடை வந்தது.

ராமையாவோ துரைமாரிடம், தான் சரியான அளவைத்தான் சொன்னதாகவும், சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டு போவதற்காகக் கலக்குகிறவர் இரட்டிப்பாக ஊற்றிவிட்டதாகவும் சொல்லியிருந்தார். அவரை நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஒரு லயத்து அறை, அவருக்கும் பிள்ளைகள். ஒருவேளை உண்மையிலேயே சரியாகச் சொன்னதாக நம்பியிருக்கலாம். மெஷின் காட்டியதை வாசித்தவர்தானே.

அப்பா மீது விசாரணை வைத்தார்கள். அவர் வேலை போனால் அறையும் போகும். எங்களுக்கு விசாரணை என்பது அதுதான்.

விசாரணை நாளன்று வெயில் அடித்தது. அதுவரை விடாமல் பெய்த மழை அன்றைக்கென்று விட்டிருந்தது. தோட்ட நிருவாகியான பெரிய துரையின் அறையில் ஜன்னல் நிறைய வெளிச்சம், தலைக்கு மேல் குழாய் விளக்கு. அப்பா கதவோரம் நின்றார். சட்டை புண்ணில் ஒட்டாமல் இருக்கத் தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு நின்றதைச் சின்னத் துரை பணிவென்று நினைத்திருப்பார்.

நான் ராமையாவின் மெஷினையும் குடையையும் கேட்டு வாங்கினேன். தொகையைக் கூட்டிச் சேமித்து, துரையின் அறைக்குள்ளேயே குடையை விரித்தேன். எண்கள் சற்று மெலிந்தன. போகவில்லை. குடையை விலக்கினேன். தொகை அப்படியே இருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிடலாமா என்று கேட்டேன். அடுத்ததாகச் சூரியனை அணைக்கச் சொல்வாள் என்றார் சின்னத் துரை. உள்ளங்கையால் பொத்திக் காட்டினேன். உடனே அழிந்தது.

“கையால பொத்தினா மனுசனுக்கும் மூச்சு நிக்கும். ராமையா பொத்தினாரா? குடைதானே பிடிச்சார்?” என்றார் சின்னத் துரை.

மூடுபனி இறங்கும் நாளில் ஏழாம் நம்பர் மலைக்கு வாருங்கள், அங்கே காட்டுகிறேன் என்றேன். அளவு எப்படிப் பிசகியது என்று கணக்கையும் சொன்னேன். பெரிய துரை குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் முடித்ததும் கதவுப் பக்கம் பார்த்தார்.

“இவர் உன்னுடைய அப்பாதானே?”

“ஆமா சார்.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான். என் கணக்கு அந்த இடத்தில் கணக்காக இருப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய சித்தியும் அலுவலகத்தில் பிழையில்லாமல் முடித்த மாதங்களும், அப்பா பெயரைச் சொன்னதும் ஒன்றுமில்லாமல் போயின. போதாததற்கு, தான் சொன்ன மெஷினை வாங்கவில்லை என்ற கோபமும் இவளுக்கு இருக்கிறது என்றார் சின்னத் துரை.

கடைசியாகப் பெரிய கிளாக்கரிடம் கேட்டார்கள். மெஷின் இப்படிப் பிழை விடுமா?

என் சோதனை முழுவதையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் நம்புவார்கள். எழுந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

“மெசின் பிழை விடாது, சேர். மெசினிலை கை வைக்கிற ஆள்தான் பிழை விடும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பா தன் வாழ்நாளில் எந்த மெஷினிலும் கை வைத்ததில்லை. அதை ஐயா சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்பாவை நிறுத்தினார்கள். அறையைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு வருவதற்கு முன் ஐயா என் மேசைப் பக்கம் வந்தார். வீட்டில் ஒருவர் வேலையில் இருந்தால் அறையை அவர் பெயருக்கு மாற்றலாம் என்றும், தான் பேசியிருப்பதாகவும் சொன்னார். “நாளைக்கு வேலைக்கு வாரும், பிள்ளை.” அவர் செய்த உதவி அது. எனக்குப் போட்ட விலங்கும் அதுதான். போனேன். எங்களைத் தெருவுக்கு அனுப்ப இருந்தவர்களுக்காக ஆறு வருடம் பிழையில்லாமல் கூட்டிக் கொடுத்தேன். நான் ஒரு பிழை விட்டிருந்தால் அப்பா இருந்த கூரை போயிருக்கும். அதனால் ஒன்றுகூட விடவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் தோல் உறை மெஷின்கள் எல்லாம் வந்த வழியே திரும்பின. எல்லாக் கணக்கப்பிள்ளைகளுக்கும் அந்தச் சவர்க்காரக் கட்டி மெஷின் கொடுக்கப்பட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மருந்துக் கணக்கும் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. ராமையா ஒரு நாள் மெஷினைக் காட்டி, “நீ சொன்னதுதாம்மா நல்லாருக்கு” என்றார். எங்கள் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். போகவில்லை.

கனகசபை ஐயா ஓய்வு பெற்ற நாளில் கைப்பிடி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் அவரும்தான் இருந்தோம். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அண்டைக்கு நான் சொன்னது பொய்யில்லை, பிள்ளை.”

“பொய்யில்லங்க ஐயா. யாரு கைன்னுதான் நீங்க சொல்லல.”

அவர் துடைத்து முடித்தார். துணியால் மெஷினை மூடினார், கோட்டைப் போட்டுக்கொண்டார், ரயிலுக்குப் போய்விட்டார்.

பிறகு ஹட்டனில் இருந்த பிராந்திய அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கணக்கெல்லாம் அங்கே போனது. தற்காலிகமானவர்கள் தேவையில்லை என்றானது. லயத்து அறையில் மட்டும் இருக்க விட்டார்கள். எனக்குக் கேக்கும் ஜிஞ்சர் பீருமாக ஒரு பிரிவுபசாரம் வைத்தார்கள். சின்னத் துரை அப்போது பெரிய துரையாகியிருந்தார். இந்த அலுவலகத்தில் மெஷின்களை என்னைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்று பேசினார். தோட்டத்தில் இப்போது உலவும் பேச்சு அங்கே பிறந்ததுதான். பிறகு வண்ணத்தாள் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். பேட்டரியே தேவையில்லை, ஆயுளுக்கும் ஓடும் என்றார்.

தோல் உறை. திருப்பி அனுப்பியதில் மிஞ்சிய ஒன்று. அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். ஞாபகமே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கைகூப்பி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து துணிப்பெட்டியின் அடியில் போட்டேன். அப்பாவிடம் காட்டவில்லை.

கமலாவிடம் கடைசியில் சொன்னது இதுதான். எந்த மெஷின் என்று நான் சொல்லமாட்டேன். அது எத்தனை எண்களை ஞாபகம் வைத்திருக்கும் என்று தாளில் போட்டிருக்கிறார்கள்; எப்போது மறக்கும் என்று போடவில்லை. அதைக் கேள். விற்பனைக்காரனின் மேசையில் வேண்டாம், உன் கடையில், உன் மாவுத் தூசியில், உன் கரண்டில் ஓட்டிக் காட்டச் சொல். பிழை வந்தால் அது யார் தலையில் விழும் என்று முதலாளியிடம் இப்போதே கேட்டுக்கொள். உன் தலையில் என்றால், நீ சொல்வதை வாங்க வேண்டும். வாங்கமாட்டேன் என்றால், கணக்குக்கு அவரே பொறுப்பு என்று நாலு பேர் முன்னால் சொல்லவை.

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அன்று மூடுபனி லயத்து வாசல் வரை வந்து நின்றது. லேசாகத் தூறியது. நான் உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தோல் உறையை எடுத்து வந்தேன். குடையையும் எடுத்தேன். கமலாவை வாசலில் நிற்கவைத்து, எண்களைக் கூட்டிச் சேமித்துக் காட்டினேன். குடையை விரித்தேன். எண்கள் மெலிந்து, கரைந்து, போய்விட்டன. விலக்கினேன். பூச்சியம்.

“ஐயோ அக்கா, எல்லாம் அழிஞ்சு போச்சே” என்றாள்.

கரட் பாத்தியில் குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார். மண்கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தேன். குடையை விரித்ததும் அழிந்தது.

“இதக் காட்டத்தானா புள்ள, அன்னிக்குத் தொர ரூமு வெயில்ல போய் நின்ன?”

“ஆமாப்பா.”

குனிந்து அந்தப் பூச்சியத்தைப் பார்த்தார். முதுகில் தழும்பு இருந்த இடத்தில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. தூறல் வலுத்தது. என் கையிலிருந்த குடையைத் தன் மண்கையால் பிடித்து மெஷினுக்கு மேலே சரியாக நகர்த்தி வைத்தார்.

“சரி, கொடையப் புடி. சாமான் நனையுது.”